பதினொன்று வாங்கிய தொண்டை

என் அண்ணன் பதினொன்று வாங்கிவிட்டான் என்று அவன் மனைவி டெய்சி மைனி போனில் சொன்னபோது, எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் முப்பத்தைந்தை எட்டிப் பிடிக்காத செலஸ்டினுக்கு, ஐம்பத்தாறாவது வயதில், தொண்டையில் மார்க் வந்துவிட்டதாம். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் என்றுகூடப் பார்க்காமல் வீட்டில் கேசரி கிண்டியிருக்கிறார்கள்.

“தெருவுலயே இவுகதான் கொறச்சல், ஈவா. எதுத்த வீட்டு ரெக்சன் அண்ணாச்சிக்கு இருபத்தேழு. மனுசன் ரெண்டு நாளா வெளிய தலகாட்டல.”

“அண்ணன்ட்ட போனக் குடுங்க மைனி.”

“ஏட்டி, கேட்டியா?” என்றான் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருஷமாக மீன் ஏலம் கூறுகிறவன் அவன். மைக் வைத்துக்கொண்டதில்லை. ஏலம் எந்த விலையில் நிற்கிறது என்பது ரோட்டோரம் டீ குடிக்கிறவனுக்கும் கேட்கும். அந்தக் குரல் இப்போது தகரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போல இருந்தது.

“தொண்டைக்கு என்ன?”

“சளிட்டி.”

“எப்பருந்து?”

“கிறிஸ்மஸ்லருந்துன்னு வையி. இப்பதான் பதினொண்ணு வந்துட்டுல்லா, ஒண்ணுமில்ல. நீ செஞ்ச மெஷினுதானே சொல்லுது?”

அதுதான் வயிற்றெரிச்சல். அந்த மெஷினைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு பேர் ஒன்பது வருஷம் உட்கார்ந்து செய்தோம். மெல்லிய பிரஷ் ஒன்றைத் தொண்டையில் தொட்டெடுத்து மெஷினில் வைத்தால், அரை மணி நேரத்தில் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் வரும். நாற்பதுக்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், தொண்டையில் புற்றுநோய் கூடு கட்டுகிறதா என்று அவர் தேடிப் பார்ப்பார். இவ்வளவுதான் அதன் வேலை. வீட்டில் தீப்பிடித்தால் அடிக்கிற மணி போல ஒன்றைத்தான் நாங்கள் நினைத்தோம்.

ஆனால் நம் ஆட்களிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? முதல் வருஷம் எண்பத்தெட்டு வாங்கிய ஒருவர் அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். கூடினால் கெடுதல் என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகுதான் வினையே ஆரம்பித்தது. வாடகைக்கு வீடு கேட்டால் மார்க் கேட்டார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் போஸ்டரில் சின்னத்துக்குக் கீழே மார்க்கை அச்சடித்தார்கள். கல்யாணத் தரகர்கள் சும்மா இருப்பார்களா? நிச்சயத்துக்கு முன்னால் “கார்டு திறப்பு” என்று புதிதாக ஒரு சடங்கே வந்துவிட்டது. பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு எல்லாம் வைத்து, இரண்டு வீட்டாரும் தங்கள் சுகாதாரக் கார்டை மற்றவர் பார்க்கத் திறந்துவிட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பரிசோதனை செய்தாலும் அந்த நிமிஷமே கார்டில் ஏறிவிடும். எதிர் வீட்டார் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கல்யாணம் முடிகிறவரை.

அண்ணன் மகள் மெரிலுக்கு ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம் கல்யாணம். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். அவன் அப்பா கஸ்பார் பர்னாந்துக்கு ஊரில் ஐஸ் கம்பெனி. கார்டு திறப்பு முடிந்துவிட்டது, பதினொன்றைப் பார்த்து அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் திருப்தியாம்.

மறுநாள் காலையில் நான் தூத்துக்குடியில் இறங்கி நேரே துறைமுகத்துக்குப் போனேன். விளமீனும் ஊளியும் குவியல் குவியலாகக் கிடந்தன. அண்ணன் கையில் சின்ன மைக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விலை கூறிக்கொண்டிருந்தான். வியாபாரிகள் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன், “அண்ணாச்சி, நானூறா அறுநூறா? வெளங்கல” என்றான். அண்ணன் விரலைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, திருடும்போது பிடிபட்டவன் மாதிரி மைக்கைப் பின்னால் மறைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் முகம் கழுவப் போனேன். கண்ணாடி ஓரத்தில் பழுப்பு நிறப் பாட்டில் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் கிராம்பும் கற்பூரமும் அதற்கடியில் ஒரு மருந்து நெடியும் அடித்தன. அந்த நெடி எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் செல்களை அடக்கி வைத்துச் சோதிக்கப் பயன்படுத்துகிற மருந்து அது. பாட்டிலோடு வெளியே வந்தேன்.

“இது என்னண்ணே?”

டெய்சி மைனிதான் பதில் சொன்னாள், துளிகூட வெட்கமில்லாமல். “கோச்சிங்ல குடுத்தது. ஞானராஜ் சார் சென்டர்ல. பன்னெண்டு நாள் கிளாஸ். காலைல ரெண்டு வேள, சாயந்தரம் ரெண்டு வேள கொப்புளிக்கணும். காரம் கூடாது. பீடி கூடாது. இவுக பீடிய விட்டுட்டாக தெரியுமா?”

நானும் செத்துப்போன எங்கள் அம்மாவும் இருபது வருஷம் கெஞ்சியும் விடாத பீடி. மார்க்குக்காக விட்டிருக்கிறான். சர்க்கரைப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்து, டாக்டரிடம் நல்ல பேர் வாங்குகிற சனங்கள் நாம். என் மெஷின் மட்டும் தப்பிக்குமா?

“அண்ணே, இங்க உக்காரு. நான் சொல்லுதத கேளு” என்றேன். “ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மரபணு மொத்தமும் இருக்கு. சமையல் புஸ்தகம்னு வச்சுக்க. எல்லா வீட்லயும் ஒரே புஸ்தகம். ஆனா இன்னைக்கு அடுப்புல என்ன கொதிக்குங்கது வீட்டுக்கு வீடு வேற. புத்துநோய் வார எடத்துல சில சமையல் கூடுதலா நடக்கும். சிலது நின்னுபோவும். எங்க மெஷினு சன்னலுக்கு வெளிய நின்னு மோந்து பாக்கு. அம்புட்டுதான்.”

“சரி.”

“நீ கொப்புளிச்சது சன்னல அடச்சிட்டு. உள்ள அடுப்பு எரியுதா இல்லையான்னு இப்ப யாருக்கும் தெரியாது.”

“அணஞ்சிருக்கும்.”

“ஒன் கொரலக் கேட்டா அணஞ்ச மாதிரியா இருக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். பயம் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயமில்லாதவன் எதற்குப் பாட்டிலைக் கண்ணாடி ஓரத்தில் தயாராக வைத்திருக்கிறான்?

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். மூக்கு வழியா டியூப் விட்டுப் பாப்பாங்க. அஞ்சு நிமிசம்.”

“கார்டுல ஏறிருமே ஈவா” என்றாள் மைனி.

“ஏறட்டும்!”

“அவுக வீட்ல பாப்பாகல்லா? எதுக்கு டியூப் விட்டாகன்னு கேப்பாகல்லா? கல்யாணம் முடியட்டும். நல்ல காரியம் நடக்கப்போவுதுல்லா?”

“நல்ல காரியம் முடியுத வரைக்கும் புத்து காத்துக்கிட்டு இருக்குமா மைனி? அதுக்கும் தவக்காலமா?”

மெரில் உள்ளேயிருந்து வந்து, “கல்யாணம் எனக்கா, அப்பா தொண்டைக்கா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அதற்கும் அவளைத்தான் திட்டினார்கள். கடைசியில் அண்ணன் எழுந்து, “கல்யாணம் கழியட்டும்ட்டி. அதுக்கப்பறம் நீ கழுத்த அறுத்தே பாரு” என்றான். ஏலத்தில் மூன்றாம் தரம் சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. அதே தோரணை.

எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. ஞானராஜ் சாரின் சென்டருக்குப் போனேன்.

மாடியில் நீளமான ஹால். இதே பெஞ்சுகளில்தான் முன்பு டாக்டர் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது பத்துப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு ஒரே நேரத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் முதலிடம் பிடித்தவர்களின் படம், படத்துக்குக் கீழே ஆறு, எட்டு, ஒன்பது என்று மார்க். ஞானராஜ் சார் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இன்னமும் மூன்று நிறப் பேனா. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“நீங்க ஜனங்களக் கொல்லுறீங்க சார்” என்றேன்.

“நீங்க பரிச்ச வச்சீங்க மேடம். பரிச்சைன்னு ஒண்ணு வச்சா கோச்சிங் வரத்தான் செய்யும்.”

“இது பரிச்ச இல்ல. வியாதி.”

“வியாதிக்கு எதுக்கு மேடம் மார்க் போட்டீங்க?”

பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில், படம் போட்டுக் காட்ட வேண்டும். அவர் காத்திருக்கவில்லை.

“மரபணுவையே நீங்க பாத்திருந்தா நான் கடைய மூடிட்டுப் போயிருப்பேன். அத மாத்த யாரால முடியும்? நீங்க பாக்கிறது அது அன்னைக்குச் செய்யிற வேலைய. மொதலாளி வார அன்னைக்கு வேலக்காரன் ஒழுங்கா நிக்க மாட்டானா? நான் அந்தப் பன்னெண்டு நாள் ஒழுங்கா நிக்க வைக்கிறேன். மருந்து எறங்கிருச்சுன்னா மூணு மாசம் தாங்கும்.”

“உள்ள நோய் இருந்தா?”

“இருந்தா உங்க ஆஸ்பத்திரி இருக்கே” என்றார், ரொம்பச் சாதாரணமாக. “ஆனா அம்பது மார்க் வாங்கினவனுக்கு மொதல்ல போறது உயிர் இல்ல மேடம். வீடு போகுது, வேல போகுது, பொண்ணு கல்யாணம் நின்னுபோகுது. உயிர் கடைசியாத்தான் போகுது. எங்கிட்ட வர்றவங்க மொதல்ல போறதக் காப்பாத்த வர்றாங்க.”

அவரை அடிக்க வேண்டும் என்று இருந்தது. அவர் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு அடிக்கலாம் என்று படியிறங்கி வந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று பங்குச் சாமியார் வாசிப்பார். “இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று முடிப்பார். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், யாரும் போய் எதையும் தெரிவித்ததில்லை. அந்த நேரத்தில் ஆண்கள் செருப்பைத் தேடுவார்கள்.

மூன்றாவது ஓலை வாசித்தபோது அண்ணன் எனக்கு முன் வரிசையில் நின்றான். பூசையின் கடைசிப் பாடலின்போது வாயைத் திறந்தான், காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியக் கூடாதென்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான். கழுத்தில் சால்வையைச் சுற்றியிருந்தான், பங்குனி வெயிலில். எனக்குப் பொறுமை அறுந்துபோயிற்று. தடைதானே வேண்டும், நான் சொல்கிறேன் தடை என்று பூசை உடை மாற்றும் அறைக்கு நேரே போனேன்.

அறை வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மப்ளர். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். கஸ்பார் பர்னாந்து அண்ணாச்சி, மாப்பிள்ளையின் அப்பா.

அதற்குள் அறைக் கதவு திறந்தது. ஃபாதர் விக்டோரியன் உடை மாற்றிப் பாதியில் நின்றிருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தொண்டையா?” என்றார்.

கஸ்பார் அண்ணாச்சி மப்ளரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

“பதினாலு வருசமா ஓலை வாசிக்கேன். தடைன்னு ஒருத்தர் வந்ததில்ல. இந்தத் தவக்காலத்துல நீங்க எத்தனாவது ஆளுன்னே தெரியல, எல்லாரும் தொண்ட! ஒறவுமுறை தடைன்னா சொல்லுங்க, விசாரிக்கேன். ஏற்கெனவே கல்யாணம் ஆனவன்னா சொல்லுங்க, நிறுத்துதேன். தொண்டைக்குத் திருச்சபைச் சட்டத்துல எடமே இல்ல. ரெண்டு பேரும் அந்த மரத்தடில போயி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுங்க. எனக்கு ஏழரைப் பூச இருக்கு.”

வேப்பமரத்தடியில் நான்தான் முதலில் பேசினேன். “அண்ணாச்சி, எங்கண்ணனோட பதினொண்ணு பொய். கோச்சிங் போயி வாங்கினது. அவனுக்கு முடியல. கல்யாணம் நின்னாலும் பரவால்ல, நாளைக்கு நான் அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

கஸ்பார் அண்ணாச்சி மப்ளரைத் தளர்த்தினார். அவர் வாயைத் திறந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் குரலுக்கு அண்ணனாக இருந்தது அது.

“என்னோடது பதினாலு” என்றார். “அதுவும் அப்படித்தாம்மா. பொய் சொல்லிப் பொண்ணெடுத்தா வெளங்குமா? மூணு ஞாயிறாத் தூக்கமில்ல. அதான் சாமிட்ட சொல்லிருவம்னு வந்தேன்.”

“அப்ப எதுக்கு அண்ணாச்சி எங்கண்ணன் மார்க்கக் கேட்டிய?”

“கேக்காம விட்டா, எங்கிட்ட ஏதோ இருக்குன்னு நெனப்பியள்லா?”

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார்ந்து, தெருவுக்குக் கேட்காத குரலில், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டார்கள்.

“நீங்களும் ஞானராஜ் சார்ட்டயா?” என்று அண்ணன் கேட்டான்.

“நான் திருநெல்வேலி பிராஞ்ச். இங்க வந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்லா.”

டெய்சி மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரிப்புத்தான். கல்யாணம் நிற்கவில்லை. நிற்கிற பேச்சே எழவில்லை. இத்தனை நாளும் இரண்டு வீட்டிலும் ஒரே பயத்துக்குப் பயந்து ஒரே பாட்டிலில் கொப்பளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதற்கு நான் என்ன மரபணுவைக் கண்டுபிடிப்பது?

திங்கட்கிழமை இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சண்முகவடிவு டியூபை விட்டுப் பார்த்தார். கஸ்பார் அண்ணாச்சிக்குக் குரல் நாணில் சின்ன முடிச்சு. ஐஸ் கம்பெனியில் ஆட்களிடம் கத்திக் கத்தி வந்தது. “ரெண்டு மாசம் யாரையும் ஏசாதீங்க, சரியாப் போயிரும்” என்றார். அண்ணன் முறை வந்தபோது திரையை என் பக்கம் திருப்பினார். இடது நாணில் வெள்ளையாக, காலிஃப்ளவர் பூ மாதிரி ஒன்று. அதற்கு மெஷின் வேண்டாம், ஒன்பது வருஷ ஆராய்ச்சி வேண்டாம். கண் இருந்தால் போதும்.

“சதையக் கிள்ளிப் பாத்ததுலயும் சந்தேகமில்ல” என்றார் இரண்டு நாள் கழித்து. “இன்னும் கழுத்துக்கு எறங்கல. இந்த மாசத்துக்குள்ள எடுத்துட்டா ஆளக் காப்பாத்திரலாம். கொரல்ல பாதி மிஞ்சும். எறங்கிருச்சுன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

“இன்னைக்கே சேத்துக்கிடுங்க டாக்டர்.”

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அனுமதிப் பக்கம் தெறக்க மாட்டேங்குது” என்றார். “தொண்டை அறுவைக்கு மார்க் நாப்பது இருக்கணும். இவருக்குப் பதினொண்ணு.”

“மறுபடி எடுங்க.”

எடுத்தார்கள். பன்னிரண்டு வந்தது. ஞானராஜ் சார் வாக்குத் தவறாதவர். மூன்று மாதம் தாங்கும் என்றால் தாங்கும்.

சென்னையில் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டேன். அதிகாரி ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “மேடம், தேவையில்லாம தொண்டைய அறுத்துடக் கூடாதுன்னுதான் இந்த விதி. எந்த ஆஸ்பத்திரியும் இத மீற முடியாது. நாற்பதுக்குக் கீழ நோய் இல்லன்னு உங்க குழுதானே சொல்லியிருக்கு?”

“நாங்க அப்படிச் சொல்லல. நாற்பதுக்கு மேல வந்தா டாக்டரப் பாருன்னு சொன்னோம். கீழ வந்தா டாக்டர் உன்னப் பாக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?”

“அதேதானே மேடம்?”

“கண்ணால கட்டியப் பாத்தாச்சு சார்! அறிக்கை இருக்கு!”

“அறிக்கைய மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்புங்க. ஜூன்ல கூடுறாங்க.”

நான் செய்த மெஷின், நான் எழுதிய கணக்கு, என் அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். அண்ணன் பக்கத்து நாற்காலியிலிருந்து, “சத்தம் போடாத. ஒனக்கும் தொண்ட போயிரும்” என்று கிசுகிசுத்தான். அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் விழுங்கவே வலித்தது.

மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினேன். இந்தத் தடவை திட்டப் போகவில்லை. ஞானராஜ் சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். ஏளனம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“மார்க் ஏத்தணும். அவ்வளவுதானே?” என்றார். “அதுக்குத் தனி பேட்ச் இருக்கு மேடம். சனி, ஞாயிறு. இப்பல்லாம் அதுலதான் கூட்டம். நெஜமா நோய் உள்ளவங்க பூரா அங்கதான் வர்றாங்க.”

“என்ன குடுக்கிறீங்க?”

“நீங்க எழுதின கட்டுரையப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். உங்க மெஷின் பாக்கிற மரபணுவுல நாலு, மருந்தால அடக்கி வச்சாலும் ஒரு விசயம் பட்டா மட்டும் கட்டுப்படாது. பட்ட அன்னைக்கே குதிக்கும்.”

சொல்ல வேண்டியதே இல்லை. எந்த நாலு, எதற்குக் குதிக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. சனிக்கிழமை வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. “நானே பாத்துக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லின் மேல் அண்ணனை உட்கார வைத்தேன். பீடியைப் பற்றவைத்து நானே அவன் வாயில் வைத்தேன். அவன் என்னையே பார்த்தான்.

“ஏட்டி, நெசமாவா சொல்லுத?”

“இழுண்ணே.”

இழுத்தான். இருமினான், கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். டெய்சி மைனி கதவுக்குப் பின்னால் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவன் முதுகைத் தடவினேன். இருமல் அடங்கியதும், “இன்னும் உள்ள இழுக்கணும். மேலால ஊதினா மார்க் வராது” என்றேன். அதைச் சொன்னது நான்தான். இந்த வாயால்தான் சொன்னேன். அவன் மறுப்பு சொல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குக் கை நீட்டினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பிரஷைத் தொட்டெடுத்தார்கள். டாக்டர் சண்முகவடிவுக்கு அவன் சட்டையில் வீசிய புகை நெடி தெரியாமல் இருந்திருக்காது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரை மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்தெட்டு.

“நாளைக்குக் காலைல மறுபடி எடுக்கலாம்” என்றார் டாக்டர், மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பி. “எட்டு மணிக்கு வாங்க.”

அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு முக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சிக்கு எங்களைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பீடி கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

“செலஸ்டினுக்குத் தொண்டைல என்னமோன்னாகளே தங்கச்சி. நீ படிச்ச பிள்ள, நீ போயி பீடி வாங்குதியா?”

“ஆமா அண்ணாச்சி. அதுக்குத்தான். ரெண்டு கட்டாக் குடுங்க.”